ப்ரொப்பிலீன் உலையில் கோளாறா? தூளைக் கொட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"அண்ணாச்சி, கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு."

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் மாதம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கித் தூள், நன்றாகவே இருக்கும். வாயுவின் அளவு தப்பாகப் போயிருக்கும், வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் பொய் சொல்லியிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும். அதற்குள் பிள்ளைகள் குழாயில் நிரப்பிய தூள் படுகையைக் கொட்டிவிட்டு, ஒரு வாரம் செலவழித்துப் புதுத் தூள் தயாரித்திருப்பார்கள். அந்தப் புதுத் தூளும் அதே பழைய எண்ணைத்தான் காட்டும். அந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில், காசு பிடிக்கும் சோதனை கடைசியில்.

எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், எண்களை ஒப்பிட உதவும். 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குவார்ட்ஸ் குழாய் செங்குத்தாக நிற்கிறது. அதில் அரை கிராம் பிஸ்மத் மாலிப்டேட். 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட மெஷ் (சல்லடைக் கண்) அளவில் சலித்து, மூன்று மடங்கு குவார்ட்ஸ் குறுணையுடன் கலந்தது. மேலிருந்து நிமிடத்துக்கு 60 மில்லி வாயு: ப்ரொப்பிலீன் 5 விழுக்காடு, ஆக்சிஜன் ஏழரை விழுக்காடு (காற்று சிலிண்டரிலிருந்து), மீதி நைட்ரஜன். படுகை 400 முதல் 430 டிகிரி. வெளியே வர வேண்டியது அக்ரோலீன், கூடவே கொஞ்சம் அக்ரிலிக் அமிலம். இதே வேலையைப் பெரிய அளவில் செய்துதான் பெயின்ட்டுக்கும் குழந்தைகளின் டயப்பருக்கும் வேண்டிய அக்ரிலிக் அமிலம் கிடைக்கிறது. மலைக்கு அந்தப்புறம் கொச்சியில் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பாரத் பெட்ரோலியத்தின் ஆலையும் ப்ரொப்பிலீனிலிருந்து அக்ரிலிக் அமிலமும் அக்ரிலேட்டுகளும் செய்வதுதான். நம் கையில் இருப்பது அந்தத் தொழிலின் சுண்டுவிரல் அளவு.

ஒன்று மட்டும் முதலிலேயே. இதே தூளோடு அம்மோனியாவும் சேர்த்தால் அக்ரிலோநைட்ரைல் வரும். 1960-ல் அமெரிக்காவின் லைமா நகரில் தொடங்கிய ஆலை அந்த வழியில்தான் ஓடியது. அதில் ஹைட்ரஜன் சயனைடும் கூடவே உண்டாகும். நம் ஆய்வக அமைப்பில் அதை முயலவே வேண்டாம். அம்மோனியா சிலிண்டரை இந்தக் குழாயில் இணைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன்.

கண் கரிக்கிறது, காந்தல் வாடை வருகிறது

முறுக்குச் சட்டியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகைந்தால் கண்ணைக் கரித்துக்கொண்டு ஒரு வாடை வருமே, அதில் இருப்பதும் அக்ரோலீன்தான். பணியிடத்தில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. மூக்குக்குத் தெரிந்தாலே வரம்பைத் தாண்டியிருக்கலாம். காரணம் தேடுவது பிறகு. ப்ரொப்பிலீனை நிறுத்துங்கள், நைட்ரஜனை ஓடவிடுங்கள், உலையை அணையுங்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள்.

வாடை அடங்கிய பின் பார்க்க வேண்டியது:

ஆனி, ஆடி மாதமா? அப்படியானால் முதலில் புகைக்கூண்டைப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் கூண்டின் வெளிக்குழாய் மேற்குப் பார்த்து இருந்தது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும், காற்றோ உள்ளே திரும்பி வரும். ஒரு சாண் தையல் நூலைக் கூண்டின் வாயில் பிடித்துப் பாருங்கள். நூல் உள்ளே இழுபட வேண்டும். ஊதுபத்தியால் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, ப்ரொப்பிலீன் இருக்கும் அறையில் அது கூடவே கூடாது. நூல் வெளியே ஆடினால் அந்தப் பருவம் முடியும்வரை மதியத்துக்கு மேல் உலையை ஓட்டாதீர்கள். வெளிக்குழாயின் தலையில் மூடி போடவோ திசை மாற்றவோ கட்டட வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு அந்தக் குழாயைத் திருப்பியதும் பாதித் தொல்லை போயிற்று.

காற்று சரியாக இழுக்கிறது, ஆனாலும் வாடை என்றால் கசிவு. உலை ஆறியதும் நைட்ரஜனை 2 பார் அழுத்தத்தில் அடைத்து அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் சோப்புநீர் தடவி இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ் குழாயும் ஸ்டீல் இணைப்பும் சேருமிடத்து ஓ-ரிங் சூட்டில் இறுகி வெடித்திருக்கும். மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். கசிவு சிலிண்டர் வால்விலோ ரெகுலேட்டரிலோ இருந்தால் நீங்கள் ஸ்பானர் எடுக்க வேண்டாம்; முடிந்தால் சிலிண்டரைத் திறந்த வெளிக்கு நகர்த்திவிட்டு வாயு கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள்.

உலை குளிர்ந்திருக்கும்போதே "மாற்றம்" காட்டுகிறது

சூடே இல்லாமல் ப்ரொப்பிலீன் மாறாது. கணக்கில் 60 விழுக்காடு மாற்றம் (உள்ளே போன ப்ரொப்பிலீனில் வேறு பொருளானதன் பங்கு) வருகிறது என்றால் வாயு வந்து சேரவில்லை என்று பொருள். இந்த 60 என்ற எண்ணைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் எம்எஃப்சி (வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி) மீதுதான் போகும். நம்மூர் ஆய்வகங்களில் பல எம்எஃப்சிகள் நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டு வந்தவை. அதில் ப்ரொப்பிலீனை விட்டால் உண்மையில் போவது திரையில் தெரிவதில் சுமார் 0.4 பங்கு. 3 மில்லி என்று காட்டும், 1.2 மில்லிதான் போகும். மீதி 1.8 மில்லியை மாணவர் "மாறிவிட்டது" என்று எழுதிக்கொள்வார்.

சோதனை: வாயுவைக் குழாய்க்குள் விடாமல் பக்கவழியில் ஜிசிக்கு (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) அனுப்பி ப்ரொப்பிலீன் உச்சியின் பரப்பைக் குறியுங்கள். அப்புறம் குளிர்ந்த குழாய் வழியாக அனுப்புங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் எம்எஃப்சி. சோப்புக்குமிழி மீட்டரில் ப்ரொப்பிலீனை மட்டும் தனியாக ஓட்டி அளந்து, உங்கள் பெருக்குத்தொகையை நீங்களே கண்டுபிடித்து எம்எஃப்சி மீது ஒட்டி வையுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: 30 டிகிரி அறையில் குமிழி மீட்டருக்குள் போகும் உலர்ந்த வாயு நீராவியை ஏற்றிக்கொண்டு சுமார் 4 விழுக்காடு பெருத்துக் காட்டும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். அதைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

பக்கவழியில் சரியாகவும் குழாய் வழியில் குறைவாகவும் இருந்தால் குழாயில் கசிவு. மேலே சொன்ன அழுத்தச் சோதனைக்குப் போங்கள்.

இரண்டு முறையும் பரப்பு நிலையில்லாமல் ஆடினால் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கலாம். ப்ரொப்பிலீன் சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், கடைசிச் சொட்டு தீரும்வரை அழுத்தமானி ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். வீட்டுச் சமையல் சிலிண்டர் போலத்தான்: முள்ளை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள்.

எம்எஃப்சியை உள்ளே திறந்து சுத்தம் செய்யும் வேலை நம்முடையது அல்ல. குமிழி மீட்டரில் ஒரே அமைப்புக்கு மூன்று முறை மூன்று எண் வந்தால் அதைக் கழற்றிச் சேவை மையத்துக்கு அனுப்புங்கள்.

மாற்றம் குறைந்துவிட்டது

முதல் கேள்வி: திடீரென்றா, மெல்ல மெல்லவா?

நேற்று 40, இன்று 15 என்று விழுந்தால் தூள் காரணமில்லை. தூள் ஒரே இரவில் அப்படி விழாது, ஒரு விதிவிலக்கு தவிர. அது கறுத்துப்போவது, கீழே தனியாக வருகிறது. இவற்றைப் பாருங்கள்: காற்று சிலிண்டர் காலியா, தெர்மோகப்பிள் முனை படுகைக்கு நடுவில்தான் இருக்கிறதா, படுகை நிரப்பியபோது உயரம் மாறிவிட்டதா. எங்கள் உலை 30 சென்டிமீட்டர் நீளம், ஆனால் வெப்பம் சீராக இருப்பது நடுவில் 5 சென்டிமீட்டர்தான். குவார்ட்ஸ் பஞ்சு கூடுதலாக வைத்து படுகை இரண்டு விரல் மேலே போனாலே 30 டிகிரி குறையும். ஒரு நீண்ட கம்பியில் அடையாளம் போட்டு, பஞ்சின் உயரத்தை ஒவ்வொரு முறையும் அளந்து குறித்து வையுங்கள்.

அடுத்து, படுகையில் ஓட்டை விழுந்திருக்கிறதா. குழாய் சற்றுச் சாய்ந்து நின்றால் குறுணை ஒரு பக்கம் சரிந்து வாயு மறுபக்கமாக நழுவும். தூக்குநூல் வைத்து நேர்பார்த்து, குழாயை விரலால் தட்டி இறக்குங்கள்.

வாரக்கணக்கில் மெல்லக் குறைந்தால்தான் தூளைப் பற்றி யோசிக்க வேண்டும். நீராவி கலந்து ஓட்டுகிறீர்களா? நீராவி மாலிப்டினத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு போகும். குழாயின் கீழ்ப்புறம், உலைக்கு வெளியே ஆறும் இடத்தில், வெளிறிய மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ மெல்லிய படிவு இருந்தால் அதுவே சாட்சி. பெரிய ஆலைகளிலும் இந்த இழப்பு உண்டு. அங்கே மாலிப்டினத்தை அவ்வப்போது சேர்த்து ஈடுகட்டுவார்கள். நமக்குப் புதுத் தூள் செய்வதே எளிது. படிவு எதுவும் இல்லை என்றால் பரப்பளவு சுருங்கியிருக்கலாம். அதற்கு பிஇடி என்னும் பரப்பளவுச் சோதனை வேண்டும், வெளியே அனுப்பக் காசும் நாளும் ஆகும். எல்லாவற்றுக்கும் கடைசியாக அதைச் செய்யுங்கள். பிஸ்மத் மாலிப்டேட்டின் பரப்பளவு கிராமுக்கு ஒற்றை இலக்கச் சதுர மீட்டர் வருவது இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது

பிள்ளைகளை அதிகம் அழவைப்பது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிவாயுவில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலக்கூறு ப்ரொப்பிலீன் அக்ரோலீனாக ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் போதும். முழுவதும் எரிய நாலரை வேண்டும். எங்கள் விகிதத்தில் எல்லாம் எரிந்தால் ப்ரொப்பிலீனில் மூன்றில் ஒரு பங்கு போவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆகவே மாற்றம் 33 பக்கத்தில் நகராமல் நின்று, ஆக்சிஜன் பூஜ்யம் என்றால் உள்ளே எரிகிறது. இனி எங்கே எரிகிறது என்று தேடலாம்.

*தூள் இல்லாமலே எரிகிறதா?* வெறும் குவார்ட்ஸ் குறுணையை நிரப்பி 430 டிகிரியில் ஓட்டுங்கள். மாற்றம் 1, 2 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் குழாயோ இணைப்போதான் எரிக்கிறது. குவார்ட்ஸ் குழாய்க்குப் பதில் யாராவது ஸ்டீல் குழாயை மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிளின் ஸ்டீல் உறையும் இந்த வேலையைச் செய்யும். அதற்கு ஒரு குவார்ட்ஸ் உறை போடுங்கள்.

*படுகைக்குக் கீழே எரிகிறதா?* உண்டான அக்ரோலீன் சூடான வெற்றிடத்தில் நின்றால் அங்கேயே கெடும். படுகைக்குக் கீழே சூடு இருக்கும் தூரம் முழுவதும் குவார்ட்ஸ் குறுணையால் நிரப்புங்கள். காசில்லாத வைத்தியம், பல முறை இதுவே போதும்.

*வெப்பமானி பொய் சொல்கிறதா?* இதில் நான் மூன்று தடவை ஏமாந்திருக்கிறேன். நம் தெர்மோகப்பிள் கே வகை. அதன் தலையிலிருந்து (உலைக்கு வெளியே ஒயர் சேரும் இடம்) கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போகும் ஒயர் அதே வகை நீட்டிப்பு ஒயராக இருக்க வேண்டும். ஒயர் அறுந்தால் பிள்ளைகள் டவுனுக்குப் போய்ச் சாதாரணச் செம்பு ஒயர் வாங்கி மாட்டிவிடுவார்கள். காலையில் எல்லாம் சரியாகக் காட்டும். உலை சூடேறித் தெர்மோகப்பிளின் தலை 60 டிகிரி ஆனதும், பெட்டி 32 டிகிரியில் இருந்தால், திரை 28 டிகிரி குறைத்துக் காட்டும். பெட்டி "இன்னும் சூடு போதாது" என்று நினைத்து உலையை 28 டிகிரி கூட ஏற்றிவிடும். நீங்கள் 420 என்று எழுதுவது உண்மையில் 448.

இதைவிட மோசம், சரியான ஒயரை இரண்டு முனையிலும் மாற்றிப் பிணைப்பது. அப்போது பிழை இரட்டிப்பு, 56 டிகிரி. ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடேற ஏற எண் இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மாறினால் எண் ஒழுங்காக ஏறும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், அமெரிக்க நிறமுறையில் வரும் ஒயரில் மஞ்சள்தான் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. நம்மூர் எலக்ட்ரீசியன் யாராக இருந்தாலும் சிவப்பைப் பார்த்ததும் நேர்முனையில்தான் மாட்டுவார், அது அவருடைய தொழில் பழக்கம். நிறத்தை நம்பாமல் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். கே வகையில் காந்தத்தில் ஒட்டும் கம்பி எதிர்முனை, ஒட்டாதது நேர்முனை.

கொதிநீரில் முக்கி 100 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்தச் சோதனையில் தலை அறைச்சூட்டில் இருப்பதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். முனை கொதிநீரில் இருக்கும்போதே தலையை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். 100 அசையாமல் நின்றால் ஒயர் சரி. இறங்கினால் ஒயரில் கோளாறு.

*படுகைக்குள் சூட்டுப்புள்ளி இருக்கிறதா?* எரியும் வினை ப்ரொப்பிலீன் மோலுக்கு 1,900 கிலோ ஜூலுக்கு மேல் வெப்பம் தருவது. தூளும் குறுணையும் சரியாகக் கலக்காமல் தூள் ஒரே இடத்தில் திரண்டிருந்தால் அங்கே மட்டும் சூடு ஏறும். தெர்மோகப்பிளை அரை சென்டிமீட்டர் வீதம் மேலிருந்து கீழே இறக்கி எண்களைக் குறியுங்கள். ஓரிடத்தில் 10 டிகிரிக்கு மேல் துருத்தினால் படுகையைப் பிரித்து மறுபடி கலந்து நிரப்புங்கள். குறுணையை ஐந்து மடங்காகக் கூட்டலாம். உலையை அணைத்தும் படுகையின் சூடு தானாக ஏறிக்கொண்டே போனால் ப்ரொப்பிலீனை நிறுத்துங்கள், காற்றை நிறுத்துங்கள், நைட்ரஜனை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. மாற்றத்தைக் கூட்டுவதற்காக ஆக்சிஜனை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். காற்றில் ப்ரொப்பிலீன் சுமார் 2 முதல் 11 விழுக்காடு வரை இருந்தால் தீப்பிடிக்கும் கலவை. நம்முடைய 5 விழுக்காடு அதற்கு நடுவில்தான் இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருப்பதால்தான் தப்பிக்கிறோம். கலவையில் ஆக்சிஜன் எப்போதும் 10 விழுக்காட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். சூட்டில் அந்த எல்லை இன்னும் விரியும் என்பதால் அந்த 10-ஐ நெருங்கவும் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு எரிகிறது என்றால் தூளைச் சந்தேகப்படலாம். கீழே "புதுத் தூளே சரியில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

கார்பன் கணக்கு உதைக்கிறது

உள்ளே போன கார்பனில் 95 விழுக்காடாவது வெளியே வந்த கணக்கில் சேர வேண்டும். 75, 80 என்று நிற்கிறதா?

முதலில் கணக்குத் தாள். ஜிசியின் சுடர் உணரியான எஃப்ஐடியில் அக்ரோலீனுக்கும் ப்ரொப்பிலீனுக்கும் ஒரே பெருக்குத்தொகை போட்டிருக்கிறீர்களா? ஆக்சிஜனோடு ஒட்டிய கார்பன் அந்தச் சுடரில் ஏறத்தாழத் தெரியாது. அக்ரோலீன் மோலுக்கு மோல் மூன்றில் இரண்டு பங்கு அளவே காட்டும். இதைத் திருத்தினாலே பலருக்குக் கணக்கு நேராகிவிடும். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் எஃப்ஐடியில் வராது, ஜிசியின் மற்றோர் உணரியான டிசிடியில் பாருங்கள்.

அடுத்து குளிர்ந்த மூலைகள். அக்ரோலீன் 53 டிகிரியில் கொதிப்பது, ஆனால் அக்ரிலிக் அமிலம் 141-ல்தான். குழாய் முழுக்க வெப்ப நாடா சுற்றி 150 வைத்திருப்பீர்கள். ஜிசி வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை இணைப்பு மட்டும் சும்மா இருக்கும். கையுறையோடு தொட்டுப் பார்ப்பதைவிட ஒரு தெர்மோகப்பிளை ஒட்டி வைத்து ஒவ்வொரு நட்டாகப் பாருங்கள். கழற்றினால் உள்ளே வெள்ளைப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது பாலிமர். அந்தத் துண்டைக் கழுவிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, மொத்த ஓட்டத்தைக் குமிழி மீட்டரில் அளந்து அதை வைத்துக் கணக்கிடுவது. நீர் வழியில் படிந்தால் அந்த எண் கெடும். நைட்ரஜன் வினையில் சேராது. அதையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, படுகையில் கரி. ஓட்டம் முடிந்ததும் நைட்ரஜனில் கழுவிவிட்டு கொஞ்சம் காற்று விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு எழுந்தால் காணாமல் போன கார்பன் அங்கேதான் இருந்தது.

டிசிடியின் இழையில் கை வைக்காதீர்கள். அடிக்கோடு நிலைகொள்ளாமல் அலைந்தால் ஜிசி பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அழுத்தம் ஏறுகிறது

வெளிமுனையைக் கழற்றுங்கள், நைட்ரஜன் ஓட்டத்தில்தான். அழுத்தம் இறங்கினால் அடைப்பு கீழ்ப்பக்கக் குழாயில்: பாலிமர். இறங்கவில்லையென்றால் படுகையில்: ஒன்று பஞ்சை அழுத்தித் திணித்திருக்கிறீர்கள், அல்லது தூளை அழுத்திச் செய்த வில்லையை உடைத்துவிட்டுச் சரியாகச் சலிக்கவில்லை. நுண்தூள் அரிசி மாவு போலப் படிந்து அடைத்துக்கொள்ளும். சலித்த பின் ஒருமுறை சல்லடையைத் தட்டி, நைட்ரஜனை மெல்ல ஊதி மாவைப் போக்குங்கள். வேறெதுவும் இல்லை.

மஞ்சள் தூள் கறுத்துவிட்டது

இந்தத் தூள் தன்னிடம் உள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுக்க வழியில்லாமல் போனால் கறுக்கும்.

மேல்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி கறுப்பு என்றால் ஆக்சிஜன் நடுவழியிலேயே தீர்ந்துவிட்டது. விகிதத்தைச் சரிபாருங்கள். முழுவதும் கறுப்பு என்றால் காற்று சிலிண்டர் காலியாகி ப்ரொப்பிலீன் மட்டும் ஓடியிருக்கிறது. இரவில் மின்சாரம் போய் வந்தபோது எம்எஃப்சி ஒன்று திரும்ப எழுந்து மற்றொன்று எழாமல் இருந்ததால் எங்களுக்கு அப்படி நடந்தது. மின்சாரம் போனால் ப்ரொப்பிலீன் தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு கட்டாயம் வேண்டும். திரும்ப வந்தாலும் கை வைத்தால்தான் திறக்க வேண்டும்.

மீட்கும் வழி: நைட்ரஜனில் நன்கு கழுவி, 300 டிகிரிக்கு இறக்கி, 2 விழுக்காடு ஆக்சிஜனில் தொடங்குங்கள். முழுக் காற்றை ஒரேயடியாக விட்டால் கரியும் தூளும் சேர்ந்து சூடேறிப் படுகை கெடும். சூடு துள்ளாமல் இருந்தால் மெல்ல ஏற்றி 450-ல் இரண்டு மணி நேரம் வையுங்கள். மஞ்சள் திரும்பினால் பிழைத்தது. ஆறிய பின்னும் சாம்பல் நிறமாகவே இருந்து, உள்ளே மினுமினுப்பான சிறு மணிகள் தெரிந்தால் அவை பிஸ்மத் உலோகம். 271 டிகிரியிலேயே உருகும் உலோகம் அது, உருகி ஓடித் திரண்டுவிட்டது. அந்தப் படுகையை மீட்க முடியாது.

புதுத் தூளே சரியில்லை

தூளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்) வரைபடத்தைக் கையில் எடுங்கள். பிஸ்மத் மாலிப்டேட்டில் ஆல்ஃபா, காமா என்று வகைகள் உண்டு. செம்புக் கதிரில் ஆல்ஃபாவின் பெரிய உச்சி 27.9 டிகிரி பக்கத்தில், காமாவுக்கு 28.3 பக்கத்தில் வரும். இரண்டும் நெருக்கம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காமா இருந்தால் 10.9-ல் ஒரு சின்ன உச்சி எழும். 12.8, 23.3, 27.3 மூன்றும் சேர்ந்து எழுந்தால் மாலிப்டினம் ட்ரை ஆக்சைடு தனியாகப் பிரிந்து நிற்கிறது.

ஆல்ஃபா வேண்டி காமா கலந்து வந்தால்: பிஎச் மீட்டரைப் பாருங்கள். நாங்கள் ஆல்ஃபாவுக்கு ஒன்றரை, காமாவுக்கு 5 அளவில் நிறுத்துகிறோம். மீட்டரை 4-லும் 7-லும் மட்டும் சரிபார்த்துவிட்டு ஒன்றரையை அளந்தால் எண் தப்பும். அமிலப் பக்கமும் ஒரு தாங்கல் கரைசல் வையுங்கள்.

எடையையும் பாருங்கள். 10 கிராம் ஆல்ஃபாவுக்கு பிஸ்மத் நைட்ரேட் பென்டாஹைட்ரேட் 10.8 கிராம், அம்மோனியம் ஹெப்டாமாலிப்டேட் டெட்ராஹைட்ரேட் 5.9 கிராம். காமாவுக்கு 15.9-ம் 2.9-ம். பிஸ்மத் நைட்ரேட்டை வெறும் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும்; அந்த வெள்ளை பிறகு ஒழுங்காகக் கலக்காது. முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தெளிந்த பின்தான் அடுத்த வேலை.

தண்ணீர் எது? வாளியில் இருக்கும் போர் தண்ணீரை வைத்து வீழ்படிவைக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் தூளில் ஒட்டிக்கொண்டு அதன் குணத்தையே மாற்றும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் இங்கே அதுவும் கூடாது. வாலை வடித்த நீர் மட்டுமே.

சுடும்போது ஒரு ஆபத்து உண்டு. கழுவாத வீழ்படிவில் அம்மோனியம் நைட்ரேட் நிறைய இருக்கும். அதை மூடிய மஃபிள் உலையில் வேகமாகச் சூடாக்கக் கூடாது. நன்கு கழுவி, சிறு சிறு கிண்ணங்களில் பரப்பி, புகைபோகும் வழியோடு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 450, 500-ல் நிறுத்துங்கள். பழுப்புப் புகை வந்தால் ஏற்றுவதை நிறுத்தி அது அடங்கும்வரை காத்திருங்கள். மஃபிள் உலையின் வெப்பமானியையும் மேலே சொன்னபடி சோதியுங்கள். 500 என்று காட்டிக்கொண்டு 600-ல் சுட்டால் தூள் கெட்டி தட்டிவிடும்.

உலை சூடேறவில்லை, அல்லது போட்டதும் டிரிப் ஆகிறது

சூடேறவில்லை, டிரிப்பும் இல்லை: ஃப்யூஸ், பிறகு எஸ்எஸ்ஆர் (மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே), பிறகு சூடாக்கும் சுருள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையைப் பாருங்கள். எண்ணே வரவில்லை என்றால் சுருள் அறுந்தது. உலை கட்டுகிறவரிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். முறுக்கி ஒட்டவைத்தால் அந்த முடிச்சு மறுவாரமே கருகும்.

போட்டதும் இஎல்சிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது: உலையின் காப்புச் செங்கல் ஈரம் குடித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் சும்மா கிடந்த உலைகளில் இது வரும். இஎல்சிபியைத் தவிர்த்து நேராக இணைக்காதீர்கள், உயிர்க்காப்பு அது ஒன்றுதான். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகியபோது எங்கள் தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. உலையைத் திறந்து ஒரு வாரம் வெயிலில் வைத்தோம், உள்ளே 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு மூன்று நாள் உலர்த்தினோம். அப்புறம் எலக்ட்ரீசியனை வரவழைத்து, மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) சுருளுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகாஓமுக்கு மேல் வந்த பிறகே மின்சாரம் கொடுத்தோம். முதல் நாள் 120 டிகிரிக்கு மேல் ஏற்றவில்லை. அந்த உலைதான் இன்றும் ஓடுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய இரண்டு எம்எஃப்சிகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இப்போது எம்எஃப்சி பலகை சுவரில் மார்பு உயரத்தில் இருக்கிறது.